காயாத தொட்டி

பக்ருதீன் பாய் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இடுப்புக்குச் சற்றுக் கீழே வரும் உயரம். முன்பக்கத்தைக் கண்ணாடிக்காகத் திறந்து விட்டிருந்த பிளைவுட் பெட்டி. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உதட்டில் இரண்டு ஸ்க்ரூக்களைக் கவ்வியபடி அவர் அதற்குள் நின்ற கோலம், கரை தட்டிய படகில் மாட்டிக்கொண்ட ஆளைப் போலிருந்தது. அவர் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். கூடத்தில் தெரு ஜன்னலோரம், நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்க்கும் சக்கரவர்த்தி நின்றிருந்தான். சமையலறை வாசலில் அவன் மனைவி கஸ்தூரி நின்றிருந்தாள்.

"பாய், ரெண்டு கோட்டு தார் அடிச்சா போதும், ஒரு சொட்டு வெளிய வராதுன்னு சொல்லிடுங்க" என்றான் சக்கரவர்த்தி.

சொல்ல வேண்டிய ஆள் ஆறடி தள்ளித்தான் இருந்தாள். பாய் ஸ்க்ரூக்களைக் கையில் துப்பிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தார் அடிச்சா இதுல மீன் தங்காதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க பாய். தார்ல இருக்கிற எண்ணெய் தண்ணில எறங்கும். செவுள்ல போய் ஒட்டும். ரெண்டு நாள்ல எல்லாம் மல்லாந்துடும்."

"சார், அம்மா இன்னா சொல்றாங்கன்னா..."

"கேட்டுது பாய். கீழ்பென்னாத்தூர் ரோட்டுல மூணு கல்வர்ட்டுப் பாலம் நான் நின்னு கட்டினது. தார் அடிச்சு பத்து வருஷம் ஆச்சு. அடியில தவளையிலேருந்து தண்ணிப்பாம்பு வரைக்கும் குடும்பம் நடத்துது. இதுவரைக்கும் எதுவும் சாவலைனு சொல்லுங்க."

"தவளைக்கு இருக்கிற கொடுப்பினை எல்லாருக்கும் இருக்குமான்னு கேளுங்க."

பாய் இரண்டு பக்கமும் பார்த்தார். போளூர் ரோட்டில் லாரிக்கும் வேனுக்கும் பாடி கட்டும் பட்டறை அவருடையது. மரமும் தகரமும் அவர் சொன்னபடி கேட்கும். மனுஷர்களுக்கு நடுவில் நின்று அவருக்குப் பழக்கமில்லை. "எங்க வூட்லயும் சண்ட வரும் சார். முன்னி பேகம் கோவத்துல தட்டு மேல தட்டு வெச்சான்னா பட்டற வரைக்கும் கேக்கும். ஆனா நேரா என் மூஞ்சியப் பாத்துத்தான் திட்டுவா. நடுவுல ஆள் வெச்சிக்க மாட்டா" என்றார்.

அதற்கு இருவரும் சிரிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, பிளைவுட்டின் ஓரத்தை விரலால் தட்டிக் காட்டினார். "பாருங்க, இது ஏழு ஏடு. ஒண்ணு மேல ஒண்ணு பச போட்டு அமுக்கினது. ஊசி மொன அளவு ஓட்ட கெடச்சா தண்ணி உள்ள பூந்துடும். அப்புறம் ஏடு ஏடா பிரிஞ்சி பன்னு மாதிரி உப்பிக்கும். அதனால பூசறத ஒழுங்கா முடிவு பண்ணுங்க. உள்பக்கம் பூரா தகரம் அடிச்சி ஈயம் பத்த வெச்சிடலாமா?"

"வேணாம்" என்றான் சக்கரவர்த்தி.

"வேணாம்" என்றாள் கஸ்தூரி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. எட்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. இரண்டு பேரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், ஏதோ கூடாததைத் தொட்டுவிட்டவர்கள் போல.

எட்டு மாதம் என்பது கஸ்தூரிக்கு நாள் கணக்கிலேயே தெரியும். மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பீரோவின் மேல்தட்டில் பாச்சை உருண்டை போடுவதற்காகப் பழைய செய்தித்தாளை எடுத்தபோது, அடியிலிருந்து ஒரு அட்டை வழுக்கிக் கீழே விழுந்தது. திருமதி ச. கஸ்தூரி, பி.எஸ்ஸி., பி.எட். என்று மேல்பக்கம் அவள் பெயர். திருப்பினால் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வு, வேலூர், காலை பத்து மணி. தேதி போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஆறு வருடம் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து அவள் காத்திருந்த அட்டை. தபால் எல்லாம் ஆபீசுக்கே வரட்டும் என்று தபால்காரரிடம் அவன் கல்யாணமான புதிதிலேயே சொல்லி வைத்திருந்தான். பகலில் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்க வேண்டாமே என்று அப்போது சொன்னதை அக்கறை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவள் அவள்.

அன்று சாயங்காலம் அட்டையை அவன் முன்னால் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "மறந்துட்டேன்" என்றான்.

வேலை கிடைத்தால் செய்யாறிலோ ஆரணியிலோ போட்டுவிடுவார்கள், நீ அங்கே நான் இங்கே என்று ஆகிவிடும், எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை நாலு நாளில் சமாதானமும் ஆகியிருப்பாள். தினமும் ராத்திரி அந்த பீரோவைத் திறந்து கைக்கடிகாரத்தை வைக்கிறவன், அட்டைக்கு மேல் பேப்பரை மடிப்புக் கலையாமல் விரித்தவன், மறந்துவிட்டானாம். அந்த ஒரு சொல் அவள் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவனிடம் அவள் பேசவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவனும் பேசுவதை நிறுத்தினான்.

பேசாமல் குடும்பம் நடத்துவது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுச்சுவரில் ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதன் அடியில் ஒரு கடப்பைக்கல். காப்பி அதில் வரும், காலி டம்ளர் அதில் திரும்பிப் போகும். மளிகைச் சீட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, பித்தான் அறுந்த சட்டை எல்லாம் அந்தக் கல் வழியாகத்தான் போக்குவரத்து. வைக்கிறவர் கொஞ்சம் சத்தமாக வைப்பார். மற்றவர் எடுத்துக்கொள்வார்.

புரட்டாசிக் கடைசியில்தான் ஒரு மாட்டுவண்டியில் பிளைவுட் பலகைகள் வந்து இறங்கின. யாருக்கு, எதற்கு என்று அவன் சொல்லவில்லை. பாய்தான் அளவெடுக்கும்போது, "உங்க மீனுக்குத்தாம்மா. சார் பெரிய தொட்டியா கட்டச் சொல்லிட்டார்" என்றார். கூடத்து மூலையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றில் ஐந்து தங்கமீன்கள் இருந்தன. வேலூரில் அவள் கல்லூரி முடித்தபோது விலங்கியல் ஆய்வுக்கூடத்திலிருந்து விரல் நீளத்தில் கொண்டு வந்தவை, இப்போது உள்ளங்கையை மீறி வளர்ந்துவிட்டன. திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசியது. பெரிய தொட்டி வேண்டும் என்று ஒரு காலத்தில், பேசிக்கொண்டிருந்த காலத்தில், அவள்தான் கேட்டிருந்தாள்.

அதை நினைத்து மனசு இளகும் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு வேலைக்குப் பதிலாக ஒரு தொட்டி. இரண்டடிக்குப் பதிலாக ஆறடி. நீந்துவதற்குக் கொஞ்சம் கூட இடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆள். அதுவும் எங்கே வைக்கச் சொன்னான் என்றால், சரியாக அந்த ஜன்னலின் அடிப்பாதியை அடைத்தாற்போல. கடப்பைக்கல் பெட்டிக்குப் பின்னால் மறைந்து போனது. பெட்டியின் மேல்விளிம்பில் மூடி உட்காருவதற்காக பாய் அடித்திருந்த ஒரு சாண் அகலப் பலகைதான் புதுக் கல் ஆயிற்று. காப்பி டம்ளர் அதில் ஏறி உட்கார்ந்தது.

தொட்டியே வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டுமானால் பேச வேண்டும். ஆகவே அது உயர்ந்துகொண்டே வந்தது, உள்ளே என்ன பூசுவது என்ற இடத்தில் வந்து நின்றது. அங்கே அவள் விடுவதாக இல்லை. மற்ற எதில் அவன் முடிவு செய்தாலும் மீன் விஷயத்தில் அவன் முடிவு செய்யக்கூடாது.

"கண்ணாடி நார் வெச்சு மேல பிசின் மாதிரி ஒண்ணு ஊத்துவாங்களே பாய், வேன் கூரைக்கெல்லாம் போடறது" என்றாள். "எங்க காலேஜ்ல தொட்டிக்கு அதான் போட்டிருந்தாங்க. கல்லு மாதிரி இறுகிடும். தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது."

"ஃபைபரா? எனக்குத் தெரியும்மா. மெட்ராஸ்ல ஆறு மாசம் அந்த வேலதான் பாத்தேன். நாத்தம் ஜாஸ்தி. ஆனா நல்ல சரக்கு."

"அது வேனுக்குப் பூசற சாமான், வீட்டுக்கு இல்லைன்னு சொல்லுங்க" என்றான் சக்கரவர்த்தி. "புஸ்தகத்துல படிச்சது வேற, வேலை வேற. வேலைக்குப் போனவங்களுக்குத்தான் அது தெரியும்."

வேலைக்குப் போனவங்களுக்குத்தான். சொன்ன பிறகுதான் அது எங்கே போய்க் குத்தியது என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். அவன் ஜன்னல் வழியே வெளியே பார்க்க ஆரம்பித்தான். கார்த்திகை தீபத்துக்காகத் தெருவில் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வேலைக்கு விட்டாத்தானே போறதுக்குன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு கஸ்தூரி உள்ளே போனாள்.

பாய் பெட்டியை விட்டு இறங்கி, உளியைச் சாக்கில் சுருட்டிக்கொண்டார். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்துதான் வருவேன் என்றார், யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் மீன்களைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பின்கட்டில் மூன்று செங்கல் வைத்து, டின்னில் தார் உருகிக்கொண்டிருப்பதைக் கண்டபோது கஸ்தூரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அவர் சொன்னதுதான் சட்டமா பாய்?"

"கோச்சிக்காதீங்கம்மா. ராவெல்லாம் ரோசன பண்ணேன்" என்றார் பாய், தாரைக் கிளறிக்கொண்டே. "சாருக்கு தாரு, உங்களுக்கு ஃபைபரு. இன்னிக்கு இத அடிச்சிடறேன். நாளைக்குக் காலையில இதும் மேலயே நார் வெச்சி ஃபைபர் ஊத்திடறேன். மீனு பக்கம் உங்குளுது. பலக பக்கம் அவருது. ரெண்டு பேருக்கும் மனசு நெறஞ்சிடும். டபுள் சேஃப்ட்டி."

அவள் யோசித்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அவனுடைய தார் அடியில் புதைந்து போகும், தன்னுடையது மேலே இருக்கும், ஆயுசுக்கும் மேலே இருக்கும் என்ற நினைப்பே இனித்தது. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டுமா, ஒன்றை ஒன்று கெடுக்குமா என்று அவள் கேட்கவில்லை. விலங்கியலில் அது வரவில்லை. கல்வர்ட்டிலும் அது வந்திருக்காது. கேட்டிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேசியிருந்தால் யாராவது ஒருவருக்காவது அந்தச் சந்தேகம் வந்திருக்கும்.

"சரி பாய். ஆனா மேல அடிக்கப் போறதை அவர்கிட்ட சொல்லாதீங்க."

அன்று மாலை கறுப்பாகப் பளபளத்த பெட்டியை சக்கரவர்த்தி மேலும் கீழுமாகப் பார்த்தான். சாப்பாட்டில் இரண்டாவது தடவை ரசத்துக்காக டம்ளரை நகர்த்தி வைத்தான். ஜெயித்த முகம். அவளும் ஒரு கரண்டி கூடவே ஊற்றினாள்.

சனிக்கிழமை அவன் ஆபீஸ் போனதும் பாய் வந்தார். நாரை விரித்து, மருந்தைக் கலந்து, பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊற்றினார். மூக்கைத் துளைக்கும் வாசனை. உள்பக்கம் முழுக்க, மேல்விளிம்புப் பலகை முழுக்கப் பூசிவிட்டு, "நாலு மணிக்கெல்லாம் கல்லு மாதிரி ஆயிடும்" என்று சொல்லிக் கிளம்பினார்.

மூன்று மணிக்கு கஸ்தூரி வந்து ஆள்காட்டி விரலால் விளிம்பைத் தொட்டாள். விரல் உள்ளே போனது. எடுக்கும்போது பசை நூல் நூலாகக் கூடவே வந்தது. கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டியது பழுப்பாகி, அடியிலிருந்து தார் கரைந்து மேலே கசிந்துகொண்டிருந்தது. நான்கு மணிக்கும் அப்படியே. ஐந்து மணிக்கு இன்னும் இளகியிருந்தது. இது காயப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு இல்லை, நாளைக்கு இல்லை, என்றைக்கும் இல்லை.

முதலில் வருத்தம் வரவில்லை. அவன் வருவான், வழக்கம்போல விளிம்பில் கையை ஊன்றி எட்டிப் பார்ப்பான், வெள்ளைச் சட்டையின் கை அதில் ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒரு காட்சி தோன்றி, அவளையறியாமல் சிரிப்பு வந்தது. விரலை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தாள். கறுப்பு நகக்கண்ணிலிருந்து போகவில்லை. விளிம்பின் மேல் ஒரு பழைய துணி போட்டு மூடி வைக்கலாம், ஒரு காகிதத்தில் ஒட்டும் என்று எழுதி வைக்கலாம். அவள் எதுவும் செய்யவில்லை. காப்பியை மட்டும் அன்று ஸ்டூலில் வைத்தாள்.

ஆறரைக்குக் கரண்ட் போனது. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. இருட்டில் அவன் காலடி வழக்கத்தைவிட வேகமாகக் கூடத்தைக் கடந்தது. விளிம்புப் பலகையில் எதையோ தட்டி வைத்தான். சத்தமாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. பிறகு பின்கட்டுக்குப் போய் வாளியில் தண்ணீர் மொள்ள ஆரம்பித்தான்.

சட்டைக் கை ஒட்டவில்லை போலிருக்கிறது என்று அவளுக்குச் சிறு ஏமாற்றம். சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்தாள்.

பலகையில் ஒரு புது அட்டை கிடந்தது. திருமதி ச. கஸ்தூரி, பி.எஸ்ஸி., பி.எட்.

பெயர் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தப் பக்கத்தை மேலே வைத்திருந்தான். மற்றப் பக்கம் பசையில் படிந்திருந்தது. அவள் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். நிதானமாக இழுத்திருக்க வேண்டும். அட்டை இரண்டாகப் பிரிந்தது. பெயர் எழுதிய மேல் ஏடு கையோடு வந்தது. தேதி எழுதிய கீழ் ஏடு பலகையிலேயே குப்புறக் கிடந்து, ஓரங்களிலிருந்து மெல்ல மெல்லக் கறுப்பைக் குடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது தடவை கூப்பிட்டும் போகாவிட்டால் பதிவிலிருந்து பெயரையே அடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அவன் வந்து நின்றான். அவள் கையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். பழக்க தோஷத்தில் பக்கவாட்டில் யாரையோ தேடினான். பாய் இல்லை. ஐந்து மீன்கள் மட்டும் இருட்டில் ஒரு பக்கமாக ஒதுங்கி இருந்தன.

"இன்னா தேதி?" என்றாள் கஸ்தூரி. எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த குரல், கரகரவென்று, யாரோ மாதிரி இருந்தது.

"திங்கக்கிழமை" என்றான். "காலையில பத்து மணி. வேலூர்."

"திங்கக்கிழமைன்னா நாளை மறுநாளா? அடுத்த திங்களா?"

"நாளை மறுநாள். தபாலே லேட்டு. இன்னிக்கு மூணு மணிக்குத்தான் வந்துச்சு."

"மூணு மணிக்கு."

"ஆமா, மூணு மணிக்கு. பர்மிஷன் போட்டும் அஞ்சரைக்குத்தான் விட்டாங்க. ஓடி வந்தேன். அதையும் நம்பமாட்டே."

"மறந்துட்டேன்னு சொல்லுவீங்களே, அதை நம்பின மாதிரி நம்பறேன்."

அவன் முகம் இறுகியது. "வேணும்னே ஒட்டி வெச்சேன்னு சொல்ல வர்றியா? டீக்கடையாண்ட பாய் பார்த்துட்டு, மேல இன்னொரு பூச்சு போட்டுட்டேன் சார், நாலு மணிக்கே காய்ஞ்சிருக்கும்னாரு. நான் எதைக் கண்டேன். இங்க எனக்கு யார் எதைச் சொல்றாங்க?"

"எனக்கு யார் சொன்னாங்க?"

விளக்கு தரையில் இருந்தது. அது கீழிருந்து அடித்த வெளிச்சத்தில் அவன் அவள் வலது கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அவன் குனிந்து அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தொடவில்லை. மூக்கைச் சுருக்கி முகர்ந்தான்.

"மண்ணெண்ணெய் நாத்தம் வருது" என்றான். "நகமெல்லாம் காய்ஞ்ச கறுப்பு. இப்போ ஒட்டினது இல்லை. எத்தனை மணிக்குத் தொட்டே?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எட்டு மாதப் பழக்கம் இருந்தும், அந்த ஒரு முறை சொல்லாமலிருப்பது கஷ்டமாக இருந்தது. உலை பொங்கி அடுப்பில் வழியும் சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை. எந்த ஆபீசும் திறந்திருக்காது. எங்கேயும் போய் யாரையும் கேட்க முடியாது. அந்த அட்டையின் மறுபக்கத்தைப் படித்த மனுஷர் இந்த ஊரில் ஒருவர்தான், அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கிறார், ஈரத் துண்டும் வெறுப்பேறிய முகமுமாக. அந்த ஆள் சொல்லும் தேதியை நம்பித்தான் பஸ் ஏற வேண்டும்.

"தோசைத் திருப்பியை எடு" என்றான் கடைசியில்.

அவள் எடுத்து வந்து பலகை மேல் வைக்கப் போனாள். வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு கணம் தயங்கி, கையிலேயே நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அட்டையின் ஒரு மூலையில் அதைச் சாய்வாகச் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினான். கறுப்புப் பசை நூல் நூலாகக் கிளம்பியது. நூல்களுக்கு நடுவே நீல மையில் ஏதோ ஒரு எழுத்தின் வால் தெரிந்தது. ஒரு எண்ணாக இருக்கலாம்.

அவள் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"தள்ளிப் பிடி" என்று அதட்டினான். "ரசாயனம். பத்திக்கும்."

அவள் ஒரு முழம் பின்னால் நகர்ந்தாள். எண் இருட்டில் போய்விட்டது. அரை முழம் முன்னால் வந்தாள். தூக்கிய மூலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே ஒரு நூல், தலைமுடி கனத்தில், இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது. அது அறுவதற்காக இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.